கவிழ்த்து வைக்காத சப்பாத்து

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. நல்ல மழை. லண்டனில் கோலியர்ஸ் வுட் சிக்னலில் சிவப்பு விழுந்தது. கூடவே நானும் விழுந்தேன்.

பிரேக் பிடித்தேன், சைக்கிள் நின்றது, வலது காலை ஊன்ற வேண்டும்... கால் வரவில்லை. பெடலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. வெட்டிய வாழை மாதிரி நடுத்தெருவில் சாய்ந்தேன். பின்னால் வந்த பஸ் என் தலைக்கு ஒரு கை நீளத்தில் நின்றது.

என் எழுத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் சைக்கிள் பைத்தியம் தெரியும். ஸ்ட்ரெதத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் வேலை. வெயிலோ மழையோ சைக்கிள்தான். அங்கே கூட வேலை செய்யும் டேவ்தான் போன கோடையில் இந்த ‘கிளிப்லெஸ்’ பெடலைக் காட்டி என் மனதைக் கெடுத்தவன். காலில் போடும் சப்பாத்தின் அடியில் ஒரு சின்ன இரும்புத் துண்டு. கிளீட் என்று பெயர். இரண்டு போல்ட் போட்டுப் பூட்டியிருக்கும். மிதித்தால் பெடல் அதை ‘டக்’கென்று கவ்விக்கொள்ளும். குதிக்காலை வெளியே திருப்பினால் விட்டுவிடும். மேடு ஏறுவது அவ்வளவு சுகம்!

பெடலைப் பூட்ட ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் திரும்பும் என்பது எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். சின்ன வயதிலிருந்து சைக்கிள் ஓட்டினால் சைக்கிளைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு, வேறென்ன?

பராமரிப்பையும் டேவ் சொல்லித்தான் தந்தான். மழையில் போய் வந்தால் சப்பாத்தைக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். சேற்றைத் துடைக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை போல்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். கஷ்டமான வேலையா? இல்லை. ஆனால் அதற்குச் சப்பாத்தைக் கவிழ்க்க வேண்டுமே!

எங்கள் வீட்டில் சப்பாத்து உள்ளே வராது. குசினிக் கதவுக்கு வெளியே இருக்கும். முதல் நாள் கவிழ்த்து வைத்தேன். மனைவி மலர் பார்த்துவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, சப்பாத்தைக் கவிழ்த்து வைக்காதேங்கோ. வீட்டிலை சண்டை வரும்.”

சொல்லிக்கொண்டே நிமிர்த்தி வைத்தாள். மறுநாளும் நிமிர்த்தினாள். மூன்றாம் நாள் நானே நிமிர்த்தி வைத்தேன்.

நீங்கள் சிரிக்கலாம். லண்டனுக்கு வந்த முதல் இரண்டு வருடம் எங்கள் வீட்டில் சண்டைக்குப் பஞ்சமில்லை. ஒரே அறை, ஆளுக்கொரு ஷிப்ட், கண்டால் சண்டை. ஒருமுறை பதினொரு நாள் பேசாமல் இருந்தோம். பிறகு எப்படியோ நின்றது. எப்படி நின்றது என்று நாங்கள் இருவருமே கிளறிப் பார்க்கவில்லை. நின்றதே போதும் என்று விட்டுவிட்டோம். அவள் சப்பாத்தை நிமிர்த்தியது அந்தப் பயத்தில்தான். நான் விட்டுக்கொடுத்ததும் அதே பயத்தில்தான்.

சிக்னலுக்குத் திரும்புவோம். பஸ் டிரைவர் இறங்கி ஓடிவந்தார். அவரும் இழுத்தார், நானும் இழுத்தேன். குதிக்காலைத் திருப்பினால் சப்பாத்து மட்டும் சுற்றுகிறது. அடியில் கிளீட் அசையவே இல்லை. கடைசியில் நாடாவை அவிழ்த்துக் காலை உருவினேன். சப்பாத்து பெடலிலேயே தொங்கியது. ஒரு கால் சப்பாத்தோடும் ஒரு கால் நனைந்த சொக்ஸோடும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் ஆங்கிலேயர்கள், அதனால் யாரும் பார்க்காத மாதிரி போனார்கள்.

கதவைத் திறந்த மலர் என் காலைப் பார்த்தாள். பெடலைப் பார்த்தாள்.

“என்ன நடந்தது?”

“ஒண்டுமில்லை. மழைக்குச் சாதுவா வழுக்கிப் போட்டுது.”

“போன மார்கழியும் வேலையிடத்துப் படியிலை வழுக்கினதெண்டுதான் சொன்னனீங்கள். படியிலை வழுக்கினா காற்சட்டையிலை செயின் கிறீஸ் எப்பிடிப் படும்? நான்தானே அதைத் தோய்ச்சனான்!”

போன மார்கழியிலும் விழுந்தேன், உண்மைதான். விம்பிள்டன் பக்கம், புல்லில். அப்போதே கால் கழல மறுத்தது. சொன்னால் சைக்கிளை விடச் சொல்வாளே என்று மறைத்தேன்.

“தெரிஞ்சிருந்தும் ஏன் நீர் கேக்கேல்லை?”

“கேட்டாச் சண்டை வருமெண்டுதான்!” என்று கத்தினாள். பிறகு அழுதாள். “ஒவ்வொரு நாளும் நீங்கள் வந்து சேருமட்டும் ஜன்னலடியிலை நிக்கிறன். அது தெரியுமோ உங்களுக்கு?”

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பிறகு சண்டை வந்தது. பல வருடச் சண்டை, வட்டியும் முதலுமாக. அடுத்த வீட்டுக்காரர் சுவரில் இரண்டு தடவை தட்டினார்.

தேநீர் குடித்து ஓய்ந்த பிறகு ஸ்குரூ டிரைவர் எடுத்தேன். அவள் சப்பாத்தைப் பிடித்துக்கொள்ள, நான் பெடலின் வாயை நெம்பித் திறந்தேன். சப்பாத்து கழன்று வந்தது. அதை அவளே கவிழ்த்தாள்.

“இஞ்ச பாருங்கோ, ரெண்டிலை ஒண்டைக் காணேல்லை!”

ஒரு போல்ட் எங்கோ தெருவில் விழுந்துவிட்டது. மற்றது துருப்பிடித்து, விரலாலேயே சுற்றக்கூடிய அளவுக்குத் தளர்ந்திருந்தது. அந்த ஒற்றை போல்டில் சப்பாத்து மட்டும் சுற்றி, கிளீட் அசையாமல் இருந்தால் பெடல் எப்படிக் காலை விடும்? எட்டு மாதமாக நான் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பகல் முழுக்க ஊரார் கண்ணாடியில் கடுகளவு திருகாணியை இறுக்கிக் கொடுக்கிறவன் நான். ஊருக்குத்தான் உபதேசம்!

சைக்கிளை விடு என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. “வடிவாப் பூட்டுங்கோ” என்றாள், அவ்வளவுதான். புது போல்ட் வாங்கி, கிறீஸ் தடவி, இறுக்கிப் பூட்டினேன். கொல்லைச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருபது தடவை மாட்டிக் கழற்றிக் காட்டிய பிறகுதான் தெருவுக்கு விட்டாள்.

இப்போது சனிக்கிழமைதோறும் பழைய பேப்பரை விரித்துச் சப்பாத்தைக் கவிழ்த்து வைப்பது மலர்தான். நான் இறுக்குகிறேன், அவள் ஆட்டிப் பார்க்கிறாள். அந்தக் கால் மணி நேரத்தில் அந்தக் கிழமை சொல்லாமல் விட்டதெல்லாம் இரண்டு பேரிடமிருந்தும் வெளியே வருகிறது. சப்பாத்தின் அடிப்பக்கம் அழகாக இருக்காதுதான். ஆனால் நம்மைத் தாங்குகிற போல்ட் அங்கேதானே இருக்கிறது?

சண்டை வருகிறதா என்று கேட்கிறீர்களா? ஓ, தாராளமாக வருகிறது... படியில் வழுக்கி விழுவதுதான் நின்றுவிட்டது.