சத்தத்துக்குக் காத்திருக்கும் டீச்சர்

பியானோவின் மேல்பலகையைத் தூக்கி, உள்ளே கையை விட்டு, எரிந்துகொண்டிருக்கும் சின்ன பல்பைத் தொட்டுப் பார்க்கிறாள் சுலக்ஷனா. சூடு இருக்கிறது. இலங்கை மலையகத்து ஹட்டன் ஈரத்தில் அந்த பல்பு அணைந்துபோனால் கட்டைகள் ஊறிவிடும். அழுத்தியது மேலே வராது. பிறகு இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே போகிறாள். "இன்னைக்கு யாரு தூங்குறா?" என்று அவள் கேட்பது கட்டைகளிடம். எழும்பாத கட்டையின் மேல் ஒரு சிவப்பு நூலை வைக்கிறாள். அன்று வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் வாசிக்க வேண்டும்.

எல்லோரும் அண்ணன்முறையில் கூப்பிடும் ரிஸ்வி நானாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவளுடைய அறை. பழைய பியானோ. ஆறு பேர் சேர்ந்து படியேற்றினார்களாம். "ஏத்தினது ஏத்தினதுதான் டீச்சர். எறக்கணும்னா என் சுவர ஒடைக்கணும்" என்று ரிஸ்வி நானா வாரம் ஒருமுறையாவது சொல்கிறார். சுலக்ஷனாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். அவள் இந்த மாடியை விட்டு நகரவில்லை.

வருகிறவர்களின் பக்கத்தில் அவள் உட்காருவதில்லை. பின்னால் சுவரோரமாக ஒரு முக்காலி. "என் மூஞ்சி தெரிஞ்சா, சரியா தப்பான்னு அதுலயே தேடுவாங்க" என்பது அவள் காரணம். முதல் நாள் எல்லோரிடமும் ஒரே கேள்வி: "என்ன கேக்கணும்னு ஆசை?" அதற்குப் பிறகு பேசமாட்டாள். ஒரு சிறுமி தகரத்தில் மழை விழுகிற சத்தம் வேண்டும் என்றாளாம். மூன்று வாரம் அதைத்தான் தேடினார்கள். நாலாவது வாரம் அந்தப் பிள்ளையின் அம்மா வந்து, பரீட்சைக்கு எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டார். "அத பிள்ளகிட்டதான் கேக்கணும்" என்றாள் சுலக்ஷனா. பிள்ளை அதன்பிறகு வரவில்லை. அப்படிப் போனவர்கள் அந்த வருடம் மட்டும் நான்கு பேர்.

நானும் பழகலாமென்று உட்கார்ந்தேன். முக்காலியிலிருந்து சிரிப்புக் கேட்டது. "ஒன் காலு இப்பவே பஸ் ஸ்டாண்டுல நிக்குதுடி. அது வந்து சேரட்டும், ஆரம்பிப்போம்."

எந்த ஊர் என்று பெற்றோர்கள் கேட்டால் "நுவரெலியா பக்கம்" என்பாள். அதற்கு மேல் சொல்வதில்லை. அவள் அம்மா இறம்பொடையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர் என்பது ஹட்டனில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

காளியாயி அக்கா கீழே பாவாடைத் துணி வாங்க வந்தவர். சத்தம் கேட்டு மேலே வந்து வாசலிலேயே நின்றார். "இது பியானாதானுங்களே?" என்றார். அவருக்கு லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். பழைய பங்களாவை ஓட்டலாக்கியபோது துப்புரவு வேலைக்குப் போனவர். இப்போது மறுபடி மலையில் கொழுந்து எடுக்கிறார். "அங்கேயும் ஒன்னு இருந்துச்சு. பதினோரு வருசம் தொடச்சேன். வெள்ளக்காரங்க தூங்குற நேரத்துலதான் தொடைக்கணும். சத்தம் வந்தா மேனேஜர் கத்துவாரு."

வழக்கமான கேள்வியை சுலக்ஷனா கேட்டாள். அக்கா விரல்களில் இருந்த கறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரே ஒரு சத்தம் போதும் டீச்சர். நா போட்டதா இருக்கணும்."

அது வரவில்லை. பதினோரு வருடப் பழக்கத்தில், கட்டை அடிவரை இறங்கினாலும் ஒலி எழாத அளவுக்கு மெதுவாக அழுத்தினார் அவர். பியானோவின் உள்ளே இருக்கும் சுத்தியல் கம்பியைத் தொடாமலே திரும்பிவிடும். நாலு ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின. எனக்குப் பொறுக்கவில்லை. "கொஞ்சம் பலமா அழுத்தச் சொல்லேன்டி" என்றேன். "அழுத்துங்கன்னு சொன்னா நானும் இன்னொரு மேனேஜர்தான்" என்றாள் சுலக்ஷனா.

ஐந்தாவது ஞாயிறு கிருஷாந்தி மிஸஸ், அடுத்த பாடத்துக்கு வரும் தன் மகளோடு இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். கணவர் வங்கியில் பெரிய அதிகாரி. கட்டைகளின் மேல் குனிந்து விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்த காளியாயி அக்காவைப் பார்த்தார்.

"ஆ, கிளீன் பண்ண ஆள் கெடச்சிட்டாங்களா மிஸ்? எங்க வீட்டுக்கும் ஒருத்தரத் தேடிக்கிட்டு இருக்கோம்."

சுலக்ஷனா வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு, "ம்... ஆமா" என்றாள்.

காளியாயி அக்கா முந்தானையை எடுத்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எல்லாக் கட்டைகளையும் சத்தம் வராமல் துடைத்தார். எழுந்தார். "நா வர்றேங்க மிஸ்" என்றார். அதுவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டவர்.

ஏழு வருடத்தில் எத்தனையோ ஊர்களில் முன்பின் தெரியாதவர்களுக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். அன்று கையிலிருந்த தேநீரை ஊதி ஊதிக் குடித்தேன்.

அடுத்து வந்த இரண்டு ஞாயிறும் அக்கா வரவில்லை. சுலக்ஷனா அந்த நேரத்தில் வேறு யாருக்கும் பாடம் வைக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து ஆளில்லாத பியானோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம், பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில், இருவரும் லிந்துலைக்கு பஸ் ஏறினோம். வழி முழுக்க நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் ஒரு பெண் எங்களைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தாள். "காளியாயி, டவுன்காரவுங்க ஒன்னத் தேடி வந்திருக்காங்க. கொழுந்து எட கொறஞ்சிருச்சுன்னு கேக்க வந்திருப்பாங்களோ?"

அக்கா சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னார். தேநீர் கொடுத்தார். சுலக்ஷனா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நா பொய் சொல்லிட்டேன்க்கா."

"பொய்யின்னு எனக்குத் தெரியுந்தானே."

"எங்கம்மாவும் இறம்பொடையில கொழுந்து எடுத்தவங்கதான்."

"அத எதுக்கு இங்க வந்து சொல்றீங்க? கொழுந்து எடுக்குறது எனக்குத் தெரியாத சேதியா? அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கணும்."

சுலக்ஷனா தலை குனிந்தாள். அக்காவே தொடர்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"நீங்க சொன்னதக்கூட விட்டுறலாம் டீச்சர். நா எதுக்கு முந்தானைய எடுத்தேன்? தொடைன்னு யாரும் சொல்லலையே. கை தானா போயிருச்சு. அதத்தான் என்னால தாங்க முடியல."

நாங்கள் எழுந்தபோது வாசல்வரை வந்தார். "ஞாயித்துக்கெழம வர்றேன். ஆனா அந்தம்மா வர்ற நேரத்துக்குத்தான் வருவேன்."

சொன்னபடி வந்தார். தலையில் கனகாம்பரம், துவைத்து மடித்த சேலை. உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கிருஷாந்தி மிஸஸ் மகளோடு உள்ளே வந்தார்.

"இன்னும் முடியல்லையா, கிளீனிங்?"

"பாடம் நடக்குது மிஸஸ்" என்றாள் சுலக்ஷனா. "இவங்க என்கிட்ட படிக்கிறவங்க. அன்னைக்கும் படிக்கத்தான் வந்தாங்க. நா வெக்கப்பட்டு மாத்திச் சொன்னேன். எங்கம்மாவும் தோட்டத்துல வேல செஞ்சவங்கதான். கொஞ்சம் இருங்க, இவங்க முடிக்கட்டும்."

கிருஷாந்தி மிஸஸ் "ஓ, சரி சரி" என்று மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார். போய்விடுவாரோ இருப்பாரோ என்று அவர் முகத்தில் தெரியவில்லை. முக்காலிக்குப் போன சுலக்ஷனா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

காளியாயி அக்கா நடுவில் ஒரு கட்டையில் விரலை வைத்தார். கட்டை இறங்கியது. ஒலி இல்லை. மறுபடி அழுத்தினார். இல்லை. கிருஷாந்தி மிஸஸின் மகள் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை விரலை உயரத் தூக்கி, கொஞ்சம் நிறுத்தி, போட்டார்.

வந்தது. கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் அதிகமாகவே வந்தது. அவர் விரலை எடுக்கவில்லை.

சுலக்ஷனா எழுந்து போய், கீழே கடைவரை கேட்கட்டுமென்று படிக்கட்டுப் பக்கத்துக் கதவை அகலத் திறந்தாள். காற்றில் அது திரும்பவும் சாத்திக்கொள்ளப் பார்த்தது. தன் ஒற்றைச் செருப்பைக் கழற்றி அதன் அடியில் இறுகச் செருகிவிட்டு, ஒரு கால் வெறுங்காலாகச் சில்லிட்ட சிமெந்தில் நடந்து வந்து மறுபடி முக்காலியில் உட்கார்ந்தாள்.