ரூத் அன்ரியின் கதிரை

ஆளைத் தூக்கும் இயந்திரத்தின் சில்லுகள் நடைக்கூடத்தில் கிறீச்சிட்டன. நோபல் பார்க் என்ற புறநகரில் அம்மா வேலை செய்த முதியோர் இல்லம் உடனே நினைவுக்கு வந்தது. பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப் போவார். டெட்டோலும் அவித்த முட்டைக்கோவாவும் மணக்கும்.

இயந்திரம் இருந்தாலும் ஒருவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பது அங்கே விதி. சிம்பாப்வேயிலிருந்து வந்த ரூத் அன்ரியை மட்டும் தனியே அனுப்புவார்கள். "உங்கட ஆக்களுக்குப் பலம் கூடத்தானே" என்பார் வெள்ளைக்கார மேற்பார்வையாளர்.

ஒருநாள் அன்ரி கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் ஒரு முதுகுதான் இருக்கு. மற்ற ஆள் வரட்டும்."

கட்டிலில் கிடந்த கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் ஊர்ப் பாட்டொன்றையும் பாடினார். என்ன மிடுக்கு! மேற்பார்வையாளர் முகம் சிவக்க நின்றார். விசாப் பயத்தில் வாயே திறக்காத என் அம்மா, கையுறையை மாட்டிக்கொண்டு போய்க் கட்டிலின் மறுபக்கம் நின்றார்.

இன்று கட்டிலில் கிடப்பது அம்மா. இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு கறுப்பினப் பெண்ணொருத்தி தனியாக வந்தாள். பரவாயில்லை, தானே தூக்குவதாகச் சொன்னாள்.

அம்மா கையை நீட்டி மறித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எழும்பு. அந்தக் கதிரையை இந்தப் பிள்ளைக்குக் குடு."