சாமியின்ரை கை

இரண்டரை வயதுப் பிள்ளைக்கு நிணநீர்க் கணு என்றால் என்னவென்று எப்படிச் சொல்வது? மகளுக்கு இப்போது மூன்றரை வயது தாண்டிவிட்டது. இன்னும் அதைச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. இத்தனைக்கும் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. குருதிச் சுற்றோட்டப் பாடத்தின் கடைசியில் நிணநீர்த் தொகுதி பற்றி ஒரு சிறு பகுதி வரும். கரும்பலகையில் ஓர் உடம்பை வரைந்து, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் புள்ளிகள் வைப்பேன். பிள்ளைகள் அதைப் பார்த்து வரைவார்கள். மணி அடித்துவிடும்.

மகளுக்குப் பால் மறக்கடித்துச் சில மாதங்களில் என் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பால் கட்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஊசியால் எடுத்துச் சோதித்தபோது அது புற்றுநோய் என்று வந்தது. மார்பை எடுக்கவேண்டும் என்றார்கள். அதற்கு நான் எப்படியோ மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டேன். ஆனால் சத்திரசிகிச்சை நிபுணர் அக்குளைப் பற்றியும் கதைக்கத் தொடங்கினார். ஸ்கானில் அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பார்க்கவேண்டும் என்றார். அவர் தோட்டம் செய்கிற குடும்பம்போல. கிணற்றிலிருந்து இறைக்கிற தண்ணீர் வாய்க்கால் வழியே முதலில் எந்தப் பாத்திக்குப் போகுமோ அந்தப் பாத்தியை மட்டும் கிண்டிப் பார்ப்போம், அது சுத்தமாக இருந்தால் மற்றப் பாத்திகளை விட்டுவிடலாம் என்று விளங்கப்படுத்தினார். எந்தக் கணு முதலாவது என்று கண்டுபிடிக்க மார்பில் நீலச் சாயம் ஏற்றுவார்கள். சாயம் போய்ச் சேர்கிற கணுக்களை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள்.

ஆஸ்பத்திரியில் என்னோடு நின்றவர் என் மச்சாள், கணவரின் அக்கா. கலியாணம் செய்யவில்லை. கொக்குவிலில் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். மகளுக்கு அவர் மாமி. சாயம் ஏற்றினால் மறுநாள் சிறுநீர் நிறம் மாறும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் மச்சாளுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் சிறுநீர்ச் சட்டியைப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து, வாட்டின் மறு அந்தத்தில் நின்ற தாதி மிஸ்ஸியிடம் போனார்.

"மிஸ்ஸி, இவவுக்குப் பச்சையாப் போகுது."

"நேற்று நீலம் போட்டனாங்கள் அக்கா. கொண்டுபோய்க் கொடியிலை காயப்போடுங்கோ," என்றார் மிஸ்ஸி.

பக்கத்துக் கட்டில்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தால் தையல் நோகும் என்று எனக்குத் தெரியும், நானும் சிரித்தேன்.

எடுத்த மூன்று கணுக்களில் இரண்டில் புற்றுநோய் இருந்தது. அறிக்கை வந்த அன்று நிபுணர் இரண்டு வழிகள் சொன்னார். அக்குளில் மிச்சமுள்ள கணுக்களையும் எடுத்துவிடலாம். அல்லது எடுக்காமல் அந்த இடத்துக்கும் கதிர் சிகிச்சை கொடுக்கலாம். என்னுடைய நிலைமையில் இரண்டுமே ஏற்றுக்கொள்ளக்கூடியவை என்றார். எடுத்தால் இன்னும் எத்தனையில் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியும். ஆனால் நிணநீர் வடிய வழியில்லாமல் பின்னாட்களில் கை வீங்குகிற வாய்ப்பு கூடுதல். கணவர் என் முகத்தைப் பார்த்தார். "உமக்கு எது மனதுக்குச் சரியெண்டு படுதோ அதைச் செய்வம்," என்றார். அந்த நேரத்தில் யாராவது எனக்குக் கட்டளையிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குத் தெரியவேண்டும் என்பதால் எடுக்கச் சொன்னேன்.

எடுத்தார்கள். மிச்சம் எல்லாம் சுத்தம். எல்லோரும் சந்தோசப்பட்ட அந்த நாளில் எனக்கு மட்டும், அப்படியென்றால் எடுக்காமலே விட்டிருக்கலாமோ என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. நிபுணரிடமே கேட்டேன். "இல்லையெண்டு தெரிஞ்சதும் ஒரு விடைதான் ரீச்சர்," என்றார். கட்டியின் அளவு, கணுக்களின் எண்ணிக்கை, வேறு உறுப்புகளுக்குப் போகவில்லை என்பது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்து இரண்டாம் நிலை என்று எழுதினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டோவில் மச்சாள் மொத்தம் எத்தனை நிலை என்று கேட்டார். நாலு என்றேன்.

"அப்ப பாதி வழியிலையே மறிச்சுப்போட்டினம்," என்றார்.

எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அதை அவ்வளவு ஆறுதலாகச் சொல்லியிராது.

வீட்டுக்கு அனுப்பும்போது மிஸ்ஸி இடது கையைப் பற்றிப் பல தடவை சொல்லி அனுப்பினார். அந்தக் கையில் ஊசி போட விடக்கூடாது, பிறஷர் பார்க்க விடக்கூடாது, இறுக்கமான காப்பு, கயிறு ஒன்றும் கூடாது, காயம் ஆறும்வரை பாரம் தூக்கவே கூடாது. பாரம் என்று அவர் சொன்னது எங்கள் வீட்டுப் படலை வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றது.

வலது கையால் வேலை செய்யவேண்டியிருப்பதால் நாங்கள் எல்லோரும் பிள்ளையை இடது இடுப்பில்தான் வைத்துக்கொள்வோம். மகளுக்கு அம்மா என்றால் அந்த இடம்தான். பின்னேரம் ரெயில் போகிற சத்தம் கேட்டால் ஓடிவந்து என் இடப்பக்கச் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். மதிலுக்கு மேலால் காட்டவேண்டும். இப்போது நான் தையலோடும் அக்குளிலிருந்து வருகிற குழாயோடும் இருந்தேன். அந்தக் குழாயின் முனையில் ஒரு போத்தல். அதை ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் கொழுவியிருந்தேன். மகள் அதற்குள் சர்பத் இருக்கிறது என்று நினைத்தாள். அம்மாவுக்குக் காயம் என்று சொன்னோம். காயத்தைக் காட்டச் சொன்னாள். காட்டப் பயமாக இருந்தது. தகப்பன் தூக்கினால் உதைத்தாள். மச்சாள் வாளியைக் கவிழ்த்து மதிலடியில் வைத்து ஏறி நிற்கச் சொன்னார். அவள் வாளியில் நின்றுகொண்டு ரெயிலைப் பார்க்காமல் என்னைப் பார்த்து அழுதாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அது புரட்டாதி மாதம். மச்சாள் கேதார கௌரி விரதம் தொடங்கினார். வருசா வருசம் பிடிப்பவர். எதை வேண்டிப் பிடிக்கிறார் என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. அந்த வருசம் தானாகவே சொன்னார், எனக்காகப் பிடிப்பதாக. ஒருநேரச் சாப்பாட்டோடு வீட்டு வேலையும் பார்த்து, மகளையும் பார்த்து, என் போத்தலில் சேர்கிற நீரை அளந்து ஊற்றவும் செய்தார். விரதம் முடிகிற அன்று கோயிலிலிருந்து எனக்கும் ஒரு காப்புநூல் கொண்டுவந்தார். பெண்களுக்கு அதை இடது கையில்தான் கட்டுவது. என் முகம் மாறியதை அவர் கண்டுவிட்டார். மிஸ்ஸி சொன்னது அவருக்கும் தெரியும். ஐயரிடம் முதலே கேட்டுவிட்டாராம்; தளர்வாகக் கட்டினால் போதும் என்று ஐயர் சொன்னாராம். இரண்டு விரல் உள்ளே போகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார். கட்டும்போது அவருடைய உதடுகள் அசைந்துகொண்டேயிருந்தன.

அந்த நேரம் மகள் வந்து வழக்கம்போல் இடப்பக்கம் ஏறப் பார்த்தாள். மச்சாள் அவளை மெல்ல மறித்தார்.

"உது இப்ப சாமியின்ரை கை, குஞ்சு. ஏறினால் சாமிக்கு நோகும்."

மகள் நின்றுவிட்டாள். நூலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், இரண்டு கைகளையும் கூப்பினாள். அதன்பிறகு ஒருநாளும் அந்தப் பக்கம் ஏறவில்லை. அழவும் இல்லை. எங்களுக்கு எவ்வளவு நிம்மதி என்றால், கணவர் அன்றிரவு அக்காவுக்குத் தானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். நானும் அதைத் திருத்தப் போகவில்லை. காயம் ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் சின்னப் பிள்ளைகள் ஒன்றைப் பாதியில் நம்புவதில்லை. காலையில் முற்றத்து நந்தியாவட்டையில் பூ ஆய்ந்து சாமிப்படத்துக்கு ஒன்று, என் கைக்கு ஒன்று வைத்தாள். படுத்திருக்கும்போது என் மணிக்கட்டில் திருநீறு பூசிவிட்டாள். மருந்து ஏற்றத் தொடங்கி எனக்கு முடி கொட்டியபோது வீட்டில் எல்லோரும் அவள் பயப்படுவாள் என்று பயந்தோம். அவள் கொஞ்சமும் பயப்படவில்லை. "அம்மா சாமிக்கு மொட்டை போட்டது," என்று பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாள். கதிர் சிகிச்சை முடிந்து சில வாரங்களில் கை இலேசாக வீங்கியது. நூலைக் கழற்றிச் சாமியறையில் வைத்துவிட்டு, வீக்கத்துக்கென்று கொடுத்த இறுக்கமான நீளக் கையுறையைப் போடத் தொடங்கினேன். சாமிக்குச் சட்டை போட்டிருக்கிறது என்றாள். நான் சிரித்தேன். அப்போதும் திருத்தவில்லை.

கை வீங்கியது எனக்கு மீண்டும் யோசனையைக் கொண்டுவந்தது. கணுக்களை எடுக்காமல் கதிர் சிகிச்சை மட்டும் செய்திருந்தால் இப்படி வந்திராதோ? நூல்தான் காரணமோ? கைக்குப் பயிற்சி தருகிற பிசியோதெரபிஸ்ட் ஓர் இளம் பெண். நூலும் இல்லை, நீங்கள் செய்ததும் இல்லை, இப்படிச் சிலருக்கு வரும், கவனமாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். பிறகு பிள்ளையைத் தூக்குகிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன், ஒரு நல்ல மாணவிபோல. அவர் அப்படியல்ல என்று தலையை ஆட்டினார். காயம் ஆறி எவ்வளவோ காலம், கையைச் சும்மா வைத்திருந்தால் இன்னும் பலம் கெடும், கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கூட்டுங்கள், பிறகு பிள்ளையையும் தூக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து நான் அழுததைக் கண்டு மச்சாள் பயந்துபோனார். விசயத்தைச் சொன்னதும் அவரும் அழுதார். அடுத்த நாளே தொடங்கினோம். முதலில் அரைப் போத்தல் தண்ணீர், பிறகு முழுப் போத்தல், பிறகு மாப் பை, பிறகு அரிசிப் பை. கையுறையைப் போட்டுக்கொண்டு அரிசிப் பையை இடுப்பில் அணைத்தபடி முற்றத்தில் நடப்பேன். மச்சாள் பின்னால் வருவார், நான் விழுந்தால் பிடிக்கப்போவது என்னையா அரிசியையா என்று கணவர் அவரைக் கேட்பார். கை கூடுதலாக வீங்கவில்லை.

ஒரு பின்னேரம் நான் மகளுக்கு முன்னால் குந்தி, இடது கையை விரித்து, "வாங்கோ, அம்மா தூக்கிறன்," என்றேன்.

அவள் ஓர் அடி பின்னால் போனாள். கைகளைக் கூப்பினாள்.

"வேண்டாம் அம்மா. சாமிக்கு நோகும்."

இப்போது நோகாது, சாமி கையைத் திருப்பித் தந்துவிட்டார் என்றேன். சாமி தனக்குச் சொல்லவில்லையே என்றாள். மச்சாளும் வந்து சொல்லிப் பார்த்தார். அவள் மாமியை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மாமியின் இடுப்பிலேயே ஏறிக்கொண்டாள். நான் குந்தியபடியே இருந்தேன்.

ஐயரிடம் கூட்டிக்கொண்டு போய் அவரைக்கொண்டு சொல்லுவிப்போம் என்றார் கணவர். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கதையை எடுக்க இன்னொரு கதையா? நடந்ததை அவளுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லிவிடுவோம், அது சாமி கை இல்லை, மாமி உன்னை மறிப்பதற்காகச் சொன்ன கதை என்று சொல்லுவோம் என்றேன். குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மச்சாள் துருவுவதை நிறுத்தினார்.

"நான் பொய் சொல்லேல்லை," என்றார். "அந்த நேரம் எனக்கு அது சாமியின்ரை கைதான். அவரிட்டைக் குடுத்துப்போட்டுத்தான் நான் நித்திரை கொண்டனான்."

நான் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். துருவிய தேங்காயைக் கையில் எடுத்து என் வாயில் கொஞ்சம் போட்டார், மகளுக்குப் போடுவதுபோல.

போன சனிக்கிழமை மத்தியானம் மகளும் நானும் பாயில் படுத்திருந்தோம். அவள் எப்போதும் எனக்கு வலப்பக்கம்தான் படுப்பாள். அன்று நித்திரையில் உருண்டு என்மேல் ஏறி இடப்பக்கம் இறங்கி, என் கைமேல் தலையை வைத்துவிட்டாள். தலை வியர்த்திருந்தது. எழுந்திருக்கவேண்டிய வேலைகள் கிடந்தன. நான் அசையவில்லை. கை விறைத்தது, அப்போதும் அசையவில்லை. முழிப்பு வந்ததும் தான் எங்கே படுத்திருக்கிறாள் என்று பார்த்தாள். திடுக்கிட்டு எழும்பினாள். கால் புத்தகத்தில் பட்டால் நாங்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அதைப்போல என் கையைத் தொட்டுத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு வலப்பக்கம் போய்ப் படுத்தாள்.

வாசிக்கிற தாய்மாரிடமும், பிள்ளை வளர்க்கிற மாமிமாரிடமும், என்னைப்போல் அக்குளில் வெட்டிய கையோடு இருப்பவர்களிடமும் நான் கேட்பது இதுதான். மச்சாளின் நம்பிக்கையைப் பொய்யாக்காமல், பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் சாமியையும் சின்னவராக்காமல், அவளை இந்தப் பக்கம் வரவைக்க என்ன சொல்லலாம்? சொல்லாமல் காத்திருப்பதுதான் சரி என்றால் அதையும் எழுதுங்கள். ஆனால் கிழமைக்குக் கிழமை அவளுக்குப் பாரம் கூடுகிறது, தைமாதம் முன்பள்ளிக்குப் போகப்போகிறாள், தூக்கச் சொல்லிக் கேட்கிற வயது அதிக காலம் இருக்காது என்பதையும் யோசித்து எழுதுங்கள்.