பாலாம்பிகை போர்த்திய பொன்னாடை

பாலாம்பிகையைப் பற்றி எழுதச் சொன்னது என் மனைவி சிவமலர். "அந்தப் பிள்ளைக்கு நீங்கள் செய்ததையும் எழுதுங்கோ. உங்கட புளுகை மட்டும் எழுதினால் கிழிச்சுக் குப்பையில போடுவன்" என்றாள். சரி, எழுதுகிறேன். இதில் நான் புளுகுவதற்கு ஒரு மண்ணும் இல்லை.

பாலாம்பிகை தென்னாபிரிக்காவின் டேர்பனில் பிறந்தவர். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன தமிழரின் நாலாம் தலைமுறை. 1985இல் லண்டனுக்கு வந்து, கிங்ஸ்பரியில் எங்கள் தெருவிலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தார். தமிழ் பேச வராது. எங்களோடு ஆங்கிலம்தான், அதை நான் தமிழாக்கி எழுதுகிறேன். எங்கள் ஆட்களைக் கேட்டுக் கேட்டு என்னை 'அண்ணை' என்று கூப்பிட மட்டும் பழகியிருந்தார். ஆனால் தேவாரம் பாடினாரென்றால் மண்டபம் அப்படியே அடங்கிவிடும். கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடமாக்கி, கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் எல்லாக் கூட்டமும் அவருடைய தேவாரத்தோடுதான் தொடங்கும். பாடி முடிய, "தமிழ் தெரியாத தமிழிச்சி" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். சங்கத்தின் செயலாளர் நான். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எண்பத்துமூன்றாம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தல் கதையை அவருக்குச் சொன்னேன். நான் எல்லாருக்கும் சொல்லுகிற கதைதான். யாழ்ப்பாணத்தில் வோட்டுச் சாவடி அதிகாரியாக ஒரு பள்ளிக்கூடத்தில் காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் குந்தியிருந்தேன். சனம் தேர்தலைப் புறக்கணித்தது. வந்தது மொத்தம் நாலு பேர். பாலாம்பிகை கையைத் தட்டிச் சிரித்தார்.

"எங்கள் ஊரிலும் அப்படித்தான், அண்ணை! பாராளுமன்றத்தில் வெள்ளைக்காரருக்கு ஒரு சபை, கலப்பினத்தாருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. கறுப்பருக்கு ஒன்றுமில்லை, வோட்டே இல்லை. எங்களைத் தங்கள் பக்கம் இழுக்க எறிந்த எலும்பு அது. பெரும்பாலான ஆட்கள் வோட்டுப் போடப் போகவில்லை. வீடு வீடாகப் போய்ப் போகவேண்டாம் என்று சொன்னவர் என் அண்ணன். அதற்காக அவரைப் பிடித்து அடைத்தார்கள். அந்தச் சபையில் போய் உட்கார்ந்தவர்களோடு எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டோம்."

இவ்வளவும் என் வீட்டு மேசையில், என் காது கேட்கச் சொன்னது. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல ஏலாது.

1989 செப்டெம்பரில் அங்கே மறுபடி தேர்தல் நடந்தது. அதே மூன்று சபை, அதே புறக்கணிப்பு. நவம்பரில் எங்கள் சங்கத்துக்குப் பத்தாவது ஆண்டு விழா. எங்களோடு போட்டி போடும் ரெய்னர்ஸ் லேன் தமிழ்ச் சங்கத்துக்காரர் முந்தின வருடம் மதுரையிலிருந்து ஓர் எம்.எல்.ஏ.யைக் கொண்டுவந்து இறக்கி எங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருந்தார்கள். எங்களுக்கு ஆளில்லை. அப்போதுதான் தலைவர் சபாரத்தினம் போன் எடுத்தார்.

"குகதாசன், ஒரு தமிழ் எம்.பி. லண்டனுக்கு வந்து நிக்கிறார்! டேர்பன் ஆள். புதுசா வெண்டவர். கேட்டனான், வாறன் எண்டிட்டார்."

"அண்ணை, அது அந்த இந்தியர் சபை எல்லோ? சனம் பகிஷ்கரிச்ச..."

"என்ன கோதாரியாயும் இருக்கட்டும். எம்.பி. எம்.பி.தானே? ரெய்னர்ஸ் லேன்காரர் வாயைப் பிளக்கவேணும். அவருக்கு ஊர்க்காரி பாலாம்பிகை பொன்னாடை போர்த்தட்டும்."

நான் மறுத்துப் பேசவில்லை. எம்.பி.க்குப் பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கப்போகும் என் படம் அதற்குள்ளேயே கண்ணுக்குள் வந்துவிட்டது. சீ!

பாலாம்பிகை கேட்டார், பிரதம விருந்தினர் யாரென்று. "டேர்பனில இருந்து ஒரு டொக்டர்" என்றேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "எந்த டொக்டர், அண்ணை?" பெயர் மறந்துவிட்டது என்றேன். அழைப்பிதழிலும் 'சிறப்பு விருந்தினர்' என்று மட்டும் அடிக்கச் சொன்னேன். எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள்.

விழாவன்று புதிய நீலச் சேலையில் வந்து பாடினார். பாடி முடிந்ததும் தட்டிலிருந்த பொன்னாடையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அந்த மனிதருக்கு முன்னால் போய்ச் சிரித்துக்கொண்டு நின்ற நேரம், சபாரத்தினம் மைக்கில் ஆங்கிலத்தில் முழங்கினார்: "தென்னாபிரிக்கப் பாராளுமன்ற உறுப்பினர்!"

பாலாம்பிகையின் கை நின்றுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். இருநூறு பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு, "சனம் பாக்குது, போர்த்துங்கோ" என்றேன்.

போர்த்தினார். படம் எடுத்தார்கள்.

ஒரு மாதத்தில் அந்தப் படம் டேர்பனில் ஒரு பத்திரிகையில் வந்தது. 'லண்டன் தமிழர் பாராட்டு' என்று கீழே போட்டிருந்ததாம். ஊர்ச்சனம் புறக்கணித்த மனிதருக்கு நாங்கள் பிடித்துக் கொடுத்த பெருமை அது. பாலாம்பிகை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"அண்ணன் என்னோடு பேசமாட்டேன் என்கிறார், மிஸ்டர் குகதாசன். எனக்கு யாரென்று தெரியாது என்று சொன்னேன். நம்பவில்லை. அப்படியென்றால் உன்னை ஏமாற்றினவன் தன் கையால் எழுதட்டும் என்கிறார். நாலு வரி எழுதித் தருவீர்களா?"

அண்ணை போய் மிஸ்டர் வந்துவிட்டது. "ஓம், நாளைக்கே எழுதுறன்" என்றேன்.

எழுதவில்லை. எழுதினால் அதையும் பத்திரிகையில் போட்டுவிடுவார்களோ, செயலாளர் பொய்காரன் என்று என் மானம் கப்பலேறுமோ என்று பயம். இன்னும் இரண்டு தரம் வந்து கேட்டார். அடுத்த கிழமை, வேலை, ஷிப்ட், காய்ச்சல் என்று எனக்கா சாட்டுக்குப் பஞ்சம்? பிறகு அவர் கேட்பதை விட்டார். கூட்டத்துக்கு வருவதையும் விட்டார். கடைசியில் கிங்ஸ்பரியையே விட்டு நோர்பரிக்குப் போய்விட்டார். எங்கள் கூட்டங்களில் தேவாரம் கசெற்றில் ஒலித்தது.

1994 ஏப்ரல். தென்னாபிரிக்காவில் எல்லா நிறத்தவருக்குமான முதல் தேர்தல். லண்டனில் இருப்பவர்கள் ஒரு நாள் முந்தி ட்ரஃபால்கர் சதுக்கத்தில், தென்னாபிரிக்கா ஹவுஸில் வோட்டுப் போடலாம் என்று செய்தியில் சொன்னார்கள். சிவமலர் டிவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்தப் பிள்ளை நாளைக்கு அங்க நிக்கும். உங்களுக்கு வெக்கமே இல்லையோ?"

இருந்தது. நாலு வருடத்துக்கு மேலாக இருந்தது. அன்றைக்கே கடிதம் எழுதினேன்.

மறுநாள் போனால், கட்டடத்தைச் சுற்றி வளைந்து போகிறது வரிசை. வெள்ளையர், கறுப்பர், இந்தியர் எல்லாரும் ஒரே வரிசையில். அதே நீலச் சேலைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு பாலாம்பிகை நின்றார். தலை நரைத்திருந்தது. கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே வாசித்தார்.

"'சங்கக் கமிட்டியின் கவனக்குறைவால்' என்று எழுதியிருக்கிறீர்கள்" என்றார். "எனக்குப் பொய் சொன்னது கமிட்டியா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கடிதத்தை மடித்து என் கையிலேயே வைத்தார். "நீங்கள் பொய் சொன்னீர்கள். ஆனால் போர்த்தியது என் கை. கீழே போட்டிருக்கலாம். சனம் பார்க்கிறது என்று நீங்கள் சொன்னீர்கள், நானும் வெட்கப்பட்டுப் போர்த்திவிட்டேன். ஒவ்வொரு நாளும் அதையே நினைக்கிறேன்." வரிசை நகர்ந்தது. அவரும் நகர்ந்தார்.

என் பொய்யின் பாரத்தை அவர் சுமந்துகொண்டிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். இரண்டு மணித்தியாலம் வாசலுக்கு வெளியே நின்றேன். வெளியே வந்தவரிடம், "அண்ணற்ற நம்பரைத் தாங்கோ. நானே சொல்லுறன்" என்றேன்.

அவர் சதுக்கத்தோரத் தேவாலயத்துப் பக்கம் இருந்த போன் பெட்டிக்குள் போய், தானே நம்பரை அழுத்தி, ரிசீவரை என்னிடம் தந்தார்.

ஒரு கனத்த குரல் "ஹலோ" என்றது. நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "என் பெயர் குகதாசன். எண்பத்தொன்பதில் உங்கள் தங்கையை மேடையில் ஏற்றியவன். வந்தவர் டொக்டர் என்று நான் பொய் சொன்னேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. உண்மை தெரிந்து கையை நிறுத்தினார். போர்த்து என்று அதட்டினதும் நான்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

"அவள் வோட்டுப் போட்டுவிட்டாளா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன், ஆங்கிலம் மறந்துபோய். ரிசீவரைப் பாலாம்பிகையிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே அவர் அழுதுகொண்டு சிரிப்பது கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. அங்கே பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு என்ன உரிமை? திரும்பி நின்றுகொண்டேன். நான் போனில் பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. அந்த இரண்டு நிமிடத்துக்காக அந்த மனுசியை நாலு வருடத்துக்கு மேல் காக்க வைத்திருக்கிறேன்.