டாலிகஞ்சில் குழாய் தட்டுகிறது

அந்தமானில், எங்கள் டாலிகஞ்சில் குழாய் தட்டுகிறதாம், தண்ணீர் மட்டும் வருவதில்லையாம். தோஹாவில் என்னோடு வேலை பார்க்கும் ப்ரியங்காவிடம் டாலிகஞ்சிலிருக்கும் அவள் அத்தை சொன்னது. அந்தத் தட்டல் என் அண்ணன் யோகராஜுடையது.

அண்ணன் போர்ட் பிளேர் நகராட்சியில் வால்வு திறப்பவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. சுனாமிக்குப் பிறகு டாலிகஞ்ச். அங்கே தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். திறப்பதற்கு முன் அண்ணன் வால்வைத் திருகும் இரும்புச் சாவியால் பெரிய குழாயைத் தட்டுவார்: இரண்டு மெதுவாக, ஒன்று ஓங்கி. வீட்டுக் குழாய்களில் அது கேட்கும். பெண்கள் டிரம்மை நகர்த்துவார்கள்.

நிதி இல்லையென்று ஊழியர்களுக்குச் சம்பளமில்லாச் சுட்டி (விடுமுறைக்கு அங்கே அதுதான் பேச்சு) அறிவித்தபோது அண்ணன் மட்டும் எழுந்தாராம்.

"ஆபீஸுக்குச் சுட்டி விடுங்க சாப். தொண்டைக்கு எப்படி விடுவீங்க? நான் ஒத்துக்க மாட்டேன்."

"அரே, நேதா ஆயிட்டியா?" சூப்பர்வைசர் சுரேந்திரன் சிரித்தார். "எலெக்‌ஷன்ல நில்லு. இப்ப சாவிய வச்சிட்டுப் போ. சுட்டி நாள்ல வால்வு பக்கம் பாத்தேன், வேலை காலி."

முதல் சுட்டி நாளிலேயே குழாய் தட்டியது. தெருவே டிரம் வைத்துக் காத்திருந்தது. ஒரு சொட்டு இல்லை. பெண்கள் அலுவலகத்துக்கே போய், "யோகராஜ் தட்டினாரு, தண்ணி எங்க?" என்று கத்தினார்கள். அவருக்காகப் பேசுவதாகத்தான் நினைத்தார்கள். அண்ணன் வால்வுப் பக்கம் போனதற்கு சுரேந்திரனுக்கு அது சாட்சியாகிவிட்டது.

இன்று பானு அண்ணி வாட்ஸப்பில் அழைத்தார்.

"முதல் நாள் தட்டினப்ப அவரு என் எதிர்லதான் சாப்பிட்டுட்டு இருந்தாரு, நளினி. கையில எடுத்த சோறு அப்படியே நின்னுச்சு. 'நான் தட்டுற மாதிரியே இருக்கே'ன்னாரு."

"இப்ப எங்க?"

"இன்னிக்கு மறுபடி தட்டுச்சு. யாருன்னு பாத்துட்டு வரேன்னு வால்வுக் குழிக்குப் போயிட்டாரு. சுரேந்திரன் ஜீப்பும் அந்தப் பக்கம்தான் போச்சாம்."

குழியருகே பிடிபட்டால் யார் நம்புவார்கள்? அண்ணியை லேப்டாப்பில் வைத்துக்கொண்டே மொபைலில் அண்ணனை அழைத்தேன். மணி போனது.

"நளினி, நீயா கூப்பிடுற?" அண்ணி கிசுகிசுத்தார். "அவரு போன் சத்தம் கேக்குதுடி."

"வீட்டுலயே விட்டுட்டாரா?"

"இல்ல. குழாய்க்குள்ள."

அண்ணி தன் போனை வீட்டுக் குழாயின் வாயருகே பிடித்தார். எங்கோ ஆழத்தில், ஈரமாக, அண்ணனின் மணி. அதன் நடுவே இரண்டு மெதுவாக, ஒன்று ஓங்கி.

எடு அண்ணே.

மணி போய்க்கொண்டே இருக்கிறது.