திரேஸ்புரம் இறால் கூடத்தில் மூன்று நாள்

திருநெல்வேலியில் காலை ஆறரைக்கு பஸ் ஏறினேன். கடலோரத் திரேஸ்புரத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் போக ஒன்றே முக்கால் மணி நேரம். உப்பளங்கள் தெரியத் தொடங்கியதும் பக்கத்து சீட்டுக்காரர், "ஊரு வந்துட்டு சார், மூக்கைப் பிடிச்சிக்கிடுங்க" என்று சிரித்தார். எழுபதுகளின் நடுவில் அன்று அடித்த அந்த மீன் வாடை இன்று கிடைக்காதா என்று ஏங்குகிறேன்.

இறாலை உரித்து உறையவைத்துக் கப்பலேற்றும் ஒரு தொழிற்சாலை, வேலை நேரத்தை அளந்து ஆலோசனை சொல்பவனான என்னைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்திருந்தது. கூடத்தில் வேலை தேங்குகிறது, ஃப்ரீசர் பாதி நேரம் காலியாகக் கிடக்கிறது என்பது முதலாளியின் புகார். "மந்தமா இருக்க பத்துப் பேரு பேரை எழுதிக் குடுங்க சார். நிப்பாட்டிருவோம்" என்றார். அப்போது எனக்கு முப்பது வயது, கையில் ஸ்டாப் வாட்ச். கர்வத்துக்குக் கேட்கவா வேண்டும்!

பதினொரு மணிக்குப் படகுகளின் இறால் வந்து இறங்கியது. நாற்பது பெண்கள் எதிரெதிராக உட்கார்ந்து உரித்தார்கள். வேகமானவள் தன் சட்டியை முடித்ததும் எழவில்லை. அடுத்தவள் சட்டிக்குள் கையை விட்டாள். அதுவும் முடிந்த பிறகே இருவரும் கதை பேசிக்கொண்டு, கூடத்தின் கடைசியில் இருந்த ஒற்றைத் தொட்டிக்குக் கழுவப் போனார்கள். வெட்டி நேரம் என்று குறித்துக்கொண்டேன். மாலைக்குள் பத்துப் பெயரும் ஒரு தாளில் தயார். முதல் பெயர் பிலோமினா. ஐம்பதைத் தாண்டியவர், விரல் மடங்காது.

மறுநாள் உத்தரவு போட்டேன். அவரவர் சட்டி அவரவருக்கு, முடிந்தால் உடனே எழ வேண்டும். பன்னிரண்டு மணிக்கு வேகமானவர்கள் எல்லாரும் தொட்டியடியில் வரிசையில் நின்றார்கள். மற்றவர்கள் சட்டியில் இறால் இளகிக்கொண்டிருந்தது. ஃப்ரீசர் முந்தைய நாளைவிடக் காலி.

"என்ன சார், கடியாரம் நின்னுட்டா?" என்றார் பிலோமினா.

வேறு வழியில்லாமல் எங்கே தவறு என்று அவரிடமே கேட்டேன்.

"றாலுக்கு உன்னுது என்னுதுன்னு தெரியுமா சார்? கெடந்தா நொந்துபோவும். எனக்கு வெரலு ஓடாது, பக்கத்துல இருக்க இவளுக்கு ஓடுது. குடலை அறாம எடுக்க மட்டும் எல்லாவளும் எங்கிட்டதான் வருவாளுவ. அந்தத் தொட்டியை இங்கன நடுவுல போடுங்க. நடக்கதுலதான் நேரம் போவுது."

வெட்கமாகப் போய்விட்டது. மூன்றாம் நாள் நடுவில் இரண்டு தொட்டி போட்டு, அவர்கள் வழக்கத்துக்கே விட்டேன். மாலை நாலு மணிக்கெல்லாம் ஃப்ரீசர் நிரம்பியது. யாரையும் நிறுத்த வேண்டாம் என்று அறிக்கை எழுதினேன்.

"தொட்டியை நவுத்த கோயம்புத்தூர்ல இருந்து ஆளு வரணுமாக்கும்!" என்று முதலாளி முணுமுணுத்தார். ஆனாலும் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு என்னை அழைக்கவில்லை. எங்கள் ஆபீசில் ஐந்து மணிக்கு அவரவர் மேசையைப் பூட்டிவிட்டு எழும்போதெல்லாம் அந்தக் கூடம் நினைவுக்கு வரும்.

அன்று நான் கிளம்பும்போது பிலோமினா வாசல்வரை வந்து கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார்.

"ஊருக்குப் போனா எங்களையெல்லாம் மறந்துருவீய. எம் பேராவது ஞாபகம் இருக்குமா சார்?"

இருக்கும் என்று தலையாட்டினேன். என் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாளில் முதலாவதாக இருந்தது அந்தப் பெயர்தான்.