செல்லாயியை நான் அழிக்கப் பார்த்தது

இறந்துபோன நாத்தனார் என்று நம்பி என் மனைவி ராக்கு இத்தனை ஆண்டுகளாகக் கும்பிட்டு வரும் செல்லாயி, என் தங்கை அல்லள். எனக்குத் தங்கையே கிடையாது. செல்லாயி நான் தாலி கட்டிய முதல் மனைவி. அவள் செத்துவிட்டாள் என்று நான் சொன்ன நாளில், திருச்சிப் பக்கத்து ஊரொன்றில் அவள் உயிரோடு இருந்தாள்!

சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது எனக்குத் தகும்.

ஆனால் ஒன்று. தலையில் அடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். நன்றியோடுதான் எழுதுகிறேன். ராக்குவுக்கு நன்றி, என் மகளுக்கு நன்றி, எல்லாரையும்விடச் செல்லாயிக்கு நன்றி. கெடுத்தவனுக்கு இவ்வளவு நல்லது நடக்கலாமா? நடந்துவிட்டதே, என்ன செய்ய!

எல்லாம் என் இடது முன்கையில் தொடங்கியது. கல்யாணமான புதிதில் ஊர்த் திருவிழாவுக்குப் பச்சை குத்துகிறவள் ஒருத்தி வந்திருந்தாள். எனக்கு எழுத்துத் தெரியும் என்ற திமிர். செல்லாயியின் பெயரைக் கரித்துண்டால் நானே கையில் எழுதிக் காட்டினேன். பச்சை குத்துகிறவள் அதன்மேல் ஊசியால் குத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லாயி, தனக்கே வலிப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் மழை பொய்த்தது. ஆள் கட்ட வந்த கங்காணியோடு, சம்பாதித்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லி இலங்கைக்கு, கண்டிச் சீமைக்குக் கிளம்பினேன். திரும்பிப் போகவில்லை.

ஏன் போகவில்லை? எத்தனையோ காரணங்களை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மைக் காரணம் மிகவும் அற்பமானது. ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், எழுத்துத் தெரிந்தவன் என்று என்னைக் கணக்கப்பிள்ளை ஆக்கினார்கள். கோட்டு வந்தது, கூலியாட்கள் வரிசையாய்க் குடியிருக்கும் லயத்தை விட்டுத் தனி வீடு வந்தது. பெரிய கங்காணி தம் மகள் ராக்குவைத் தருவதாகச் சொன்னார். ஊரில் பெண்டு பிள்ளை உண்டா என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். அப்போது கோட்டுக் கைக்குள்ளே செல்லாயி இருந்தாள்!

பெரிய கங்காணிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். மாப்பிள்ளைக்கு நலங்கு வைக்கக் கோட்டைக் கழற்றச் சொன்னால்...? பெண்ணும் போகும், வேலையும் போகும், முதுகுத் தோலும் போகும். ஆகவே பெயரை அழிக்கப் புறப்பட்டேன்.

இன்றைக்கும் இளவட்டங்கள் சிலர், முன்கையில் பழைய பெயரோடும் முகத்தில் அசட்டுச் சிரிப்போடும் என்னிடம் வருகிறார்கள். பச்சை போக எது நல்லது என்று கேட்கிறார்கள். என் கையின் தழும்புகளைப் பார்த்து, அதில் நான் பண்டிதன் என்று நினைப்பு. பண்டிதன்தான்! பட்டுப் படித்த பண்டிதன்.

வெற்றிலைச் சுண்ணாம்போடு சலவைக்காரத்தைக் குழைத்துப் பூசினால் போய்விடும் என்று முதலில் ஒருவர் சொன்னார். பூசினேன். தோல் வெந்து கொப்புளித்தது. புண் ஆறிப் பொருக்கு உதிர்ந்தபோது, முகம் கழுவி வந்தவளைப்போலச் செல்லாயி முன்னிலும் பளிச்சென்று இருந்தாள்.

பதுளைக் கடைவீதியில் நாட்டு மருந்து விற்கும் முஸ்லிம் வியாபாரியிடம் சேங்கொட்டை வாங்கினேன். சலவைத் துணிக்குக் குறி போடுவார்களே, அந்தக் கொட்டைதான். வேண்டாம் தம்பி, இது பொல்லாதது என்று அவர் தடுத்தார். கேட்டேனா? தோள்வரை வீங்கியது. தூக்கமில்லாமல் சொறிந்தேன். பெயரைச் சுற்றி ஒரு கறுப்புக் கறை வந்து சேர்ந்ததுதான் மிச்சம். சுண்ணாம்பு இதற்குத் தேவலாம்; அதுவாவது எரிந்ததோடு நின்றது.

கல்லுப்பை வைத்துத் தேங்காய் மட்டையால் தேய்ப்பது இருக்கிறதே, அது கொஞ்சம் நியாயமான வழி. நாள் பிடிக்கும், உயிர் போகும். ஆனால் முதல் எழுத்து உண்மையிலேயே மங்கியது. மிச்ச எழுத்துகளுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

புது ஆட்களோடு பச்சை குத்தும் கிழவி ஒருத்தி தோட்டத்துக்கு வந்திருந்தாள். அவளிடம் கையை நீட்டினேன். அவள் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பச்சைய அழிக்க முடியாதுங்க சாமி. இன்னொரு பச்சையால மூடத்தான் முடியும். தேள் போடவா, தாமரை போடவா?"

அதுதான் இருந்ததில் மிக நல்ல யோசனை என்று இப்போது தெரிகிறது. அப்போதோ, கல்யாண மாப்பிள்ளை திடீரென்று கையில் தேளோடு வந்தால் அடியில் என்ன என்று ஊர் கேட்காதா எனப் பயந்துபோனேன். தேயிலைச் செடி கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி பட்டுவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி, கட்டுப் போட்ட கையோடு மணவறையில் உட்கார்ந்தேன்.

அந்தப் பொய் எனக்கே ஒரு வழியைக் காட்டிக் கொடுத்தது. கல்யாணத்துக்குப் பிறகு, ராக்கு கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்த நேரத்தில், மெய்யாகவே கவ்வாத்துக் கத்தியை அடுப்பில் காய்ச்சி எழுத்தின்மேல் வைத்தேன். எல்லா வழிகளிலும் படுமோசம் அதுதான். அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்! கை சீழ் பிடித்தது. காய்ச்சலில் நினைவு தப்பியது.

ராக்குதான் வேப்பிலைத் தண்ணீரால் கழுவி, மஞ்சள் அரைத்துப் போட்டு, கஞ்சி ஊற்றி என்னைப் பிழைக்க வைத்தாள். அந்த நாற்றத்துக்கு ஒரு தரமாவது மூக்கைப் பொத்தியிருப்பாளா? இல்லை. நான் கண் விழித்ததும் அவள் கேட்டாள்.

"செல்லாயி யாருங்க? காச்சல்ல அந்தப் பேரத்தான் பொலம்புனீங்க."

ராக்குவுக்கு எழுத்துத் தெரியாது. கையில் இருப்பது முருகன் பெயர் என்று முன்பே நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். இப்போதோ வாயே காட்டிக் கொடுத்துவிட்டது...

"என் தங்கச்சி. செத்துப் போச்சு. கையில குத்தியிருக்கது அவ பேருதான். பாக்குறப்ப எல்லாம் மனசு தாங்கல. அதான் அழிக்கப் பாத்தேன்."

"கல்யாணம் ஆகாமயா?"

"ஆமா."

ஒரே ஒரு சொல்! கல்யாணமாகாமல் செத்த பெண் அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம் ஆவாள் என்பது எங்கள் சனங்களின் நம்பிக்கை. அது எனக்குத் தெரியாதா? தெரியும். பொய் சொன்ன வேகத்தில் மறந்துபோனேன்.

"அப்ப அவ கன்னியாச்சுங்களே. கும்புடாம விட்டதுமில்லாம, பேர வேற சொரண்டிக்கிட்டு இருந்தீங்களா? கை அழுகாம என்ன செய்யும்? இனிமே அதத் தொடாதீங்க."

அந்த வெள்ளிக்கிழமையே வீட்டு மூலையில் ஓர் ஓலைப்பெட்டி வந்தது. அதற்குள் புதுப் பாவாடை, கண்ணாடி வளையல், சீப்பு. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராய் முடிந்தது என் கதை. பெண்டாட்டியை மறைக்கப் போனவன் அவளைத் தெய்வமாக்கிவிட்டேன்! கை ஆறியது. கன்னி மனம் இரங்கிவிட்டாள் என்றாள் ராக்கு.

ராக்குவின் தலைப்பிரசவத்தில் மருத்துவச்சி கையை விரித்துவிட்டபோது, ராக்கு பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டது செல்லாயியைத்தான். நானும் பெட்டியின் முன்னே விழுந்தேன். யாரை நினைத்து விழுந்தேன் என்கிறீர்கள்? என் சோற்றுக்காகக் காத்திருந்த ஒருத்தியிடம், இன்னொருத்தியின் உயிரைக் கேட்டேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிள்ளைக்குச் செல்லாயி என்றே ராக்கு பெயர் வைத்தாள். அந்தப் பெயரை நான் வாய்விட்டுக் கூப்பிடும்படி ஆயிற்று. ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்ள ஒருத்தி வாய்த்தாள். இதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா?

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் இந்த நாள்களில்தான் எனக்கு அவளைப் பற்றி விசாரிக்கும் துணிச்சல் வந்தது. இப்போது பதுளைக்கே ரயில் வருகிறது. அதில் வந்து இறங்கிய புது ஆட்களில் ஒருத்தி எங்கள் ஊர்க்காரி. நான் ஊரை விட்டபின் பிறந்தவள். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் பதியும்போது, வேறெதையோ விசாரிப்பவன்போல, வேப்பமரத்து வீட்டுச் செல்லாயி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அது போன பங்குனியில போயிருச்சுங்கய்யா. புருசன் கண்டிக்கிப் போனவன், இருக்கானா செத்தானான்னு கடைசி வரைக்கும் தெரியல. தாலியக் கழட்டவே மாட்டேன்னுச்சு. அதோடதான் எடுத்தாங்க."

மிச்சப் பெயர்களையும் பதிந்தேன். ஓர் எழுத்தும் பிசகவில்லை... அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் தலைமுழுகினேன். ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்து, ஓலைப்பெட்டியின் முன்னே உட்கார்ந்தேன். அழுகை வந்தது. அடக்க முடியவில்லை. இத்தனை வருஷங்களுக்கு முன்பே நான் சாகடித்துவிட்டவளுக்காக இன்றைக்கு அழுவதற்கு என்ன காரணம் சொல்வேன்? ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"எத்தன வருசமாச்சு. இன்னமும் தங்கச்சிக்காக இப்புடி அழுவுறீங்களே. இந்த மனசு யாருக்குங்க வரும்?"

அவள் தோளில் சாய்ந்துகொண்டு, செத்துப்போன என் பெண்டாட்டிக்காக, அண்ணனாகவே அழுது முடித்தேன்.